இனிப்புக்கு வாற எறும்பு

இல்லக்கா, அந்தப் போலீசுக்காரரு எங்களுக்கு வரல. வேற யாருக்கோ வந்திருக்காரு. எங்களுக்கு வெறும் வாந்திபேதிதான. சீட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்காம், எங்க வீட்டுக்காரவிய படிச்சுச் சொன்னாவ. மருந்து குடிச்ச கேசுக்குத்தான போலீசு வரும்? நீங்க நாலு நாளா இங்கன இருக்கிய, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா. வந்து என்ன கேப்பாவ? எழுதிட்டுப் போயிருவாவளா, இல்ல கையோட கூட்டிட்டுப் போயிருவாவளா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கேக்கேன்.

அக்கா, அந்த டம்ளரத் தரையில வைக்காதிய. பால் சிந்திருக்கு, எறும்பு வந்துட்டு பாருங்க. மேல திட்டுல வையுங்க. என்னவா? எனக்கு இப்பம் எறும்பக் கண்டாலே ஈரக்கொலை நடுங்குது. கோட்டிக்காரின்னு நினைச்சிராதிய. ஒரு மாசமா எனக்கு எறும்போடதான் சோலி.

உள்ள படுத்திருக்கது எங்க மதினி. எங்க வீட்டுக்காரவியளுக்கு மூத்த அக்கா, முப்பிடாதின்னு பேரு. என் பேரு சுடலைவடிவு. அம்பாசமுத்திரத்துக்கு மேக்க, மலையடிவாரத்துல ஒரு எலுமிச்சந் தோப்பு, அதுல நான் வேலை பாக்கேன். எங்க வீட்டுக்காரவிய இங்க பேட்டையில பட்டறையில இருக்காவ, சனிக்கிழமை சனிக்கிழமை ஊருக்கு வருவாவ. இன்னைக்குத் தகவல் சொல்லவும் பட்டறைத் துணியோட அப்படியே ஓடி வந்துட்டாவ. இப்பம் மருந்து வாங்கத்தான் போயிருக்காவ. வெளியில ரொம்பக் கூட்டமா இருக்குமோ? வர நேரமாகுமா? ஆகட்டும். பைய வரட்டும்.

வாடை ஏதும் அடிக்குதாக்கா உங்களுக்கு? எம்மேலருந்து? எலுமிச்சங்காயி வாடையா இருக்கும். வேற ஒண்ணும் அடிக்கலையே? சரி.

எறும்போட என்ன சோலின்னா கேக்கிய? சொல்லுதேன். எதையாவது பேசிக்கிட்டு இருந்தாத்தான் எனக்கும் மூச்சு விட முடியுது.

தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல பெரியவரு வாழையெல்லாம் போயிட்டுல்லா, பொறவுதான் அவரு எலுமிச்சை போட்டாரு. பெரியவருன்னா தோப்புக்காரரு, அருணாசலம் சாரு. பள்ளிக்கூடத்துல வேலை பாத்து ரிட்டையரானவரு. அம்பையில குடியிருக்காரு. நல்ல மனுசன்தான், ஆனா பொறுமை கிடையாது. இந்த வருசம்தான் மரம் நல்லாக் காய்க்க ஆரம்பிச்சது. அந்த நேரம் பாத்து மாவுப்பூச்சி விழுந்துட்டு. வெள்ளையா, மாவத் தொட்டுத் தொட்டு வச்ச மாதிரி, கொழுந்துல, காய்க் காம்புல, எங்க பாத்தாலும் ஒட்டிக்கிட்டு நிக்கும். மரத்துல இருக்க சாறையெல்லாம் உறிஞ்சிரும். காயி சூம்பிப்போயி விழுந்துரும். அது போக ஒரு பிசுபிசுப்பு. இலைமேலே தேன் தடவுன மாதிரி வடியும். நாலு நாள்ல அந்தப் பிசுபிசுப்புல கரி பிடிச்சு, இலையெல்லாம் அடுப்பு மேல தொங்கப்போட்ட மாதிரி ஆயிரும்.

தண்ணிய வேகமா அடிச்சுக் கழுவினோம். வேப்பெண்ணை அடிச்சோம். போகும், பத்து நாள்ல திரும்ப வந்துரும். அப்பந்தான் பெரியவரு மக சுகிர்தா வந்தாவ. பாளையங்கோட்டையில காலேசுல பூச்சியப் பத்திப் பாடம் எடுக்காவ. லீவுக்கு வந்தவிய தோப்பச் சுத்திப் பாத்துட்டு, வடிவக்கா, நீ பூச்சிய மட்டும் பாக்க, எறும்பப் பாக்கலன்னாவ. கையில பெருசாக் காட்டுத கண்ணாடி ஒண்ணு வச்சிருந்தாவ. அத எங்கையில தந்து பாருன்னாவ.

நான் பாத்தேங்க்கா. கருத்த எறும்பு ஒண்ணு வந்து அந்தப் பூச்சி முதுகுல மீசையால பைய்யத் தட்டுது. ரெண்டு தட்டு. பூச்சி பின்பக்கத்துலருந்து ஒரு சொட்டுத் தண்ணி வருது, கண்ணாடித் துண்டு மாதிரி. எறும்பு குடிச்சிட்டு அடுத்த பூச்சிகிட்டப் போகுது. நம்ம பசுமாட்டு மடியத் தட்டிப் பால் கறக்கோம்லா, அதே கணக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பொறவு சுகிர்தா ஒரு டப்பாவத் திறந்தாவ. உள்ள பொறிவண்டு. அது மாவுப்பூச்சியத் திங்குமாம், அதுக்குன்னே எங்கயோ வளத்து வாங்கிட்டு வந்திருக்காவ. கொப்புல விட்டாவ. விட்ட ஒடனே எறும்பு எங்கருந்துதான் வந்துச்சோ, இருவது முப்பது. வண்டு காலக் கடிச்சு இழுக்கு. ஒண்ணு அதுமேலயே ஏறி நிக்கு. வண்டு பறந்து ஓடிட்டு, ஓட முடியாதது கீழ விழுந்துட்டு. மாவுப்பூச்சி அது பாட்டுக்கு இருக்கு, அசையக்கூட இல்ல. எனக்குக் காவலுக்கு ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரியும் போல.

அன்னைக்குத்தான் எனக்கு மொதல்ல ஒரு பயம் தட்டுச்சு. அதுக்கு மறுநா இன்னொண்ணு பாத்தேன். ஒரு கொப்ப நான் வெட்டிப் போட்டிருந்தேன். அது வாடவும், எறும்பு அந்தப் பூச்சிக் குஞ்சையெல்லாம் வாயில பைய்யக் கவ்வித் தூக்கிக்கிட்டுப் பக்கத்து மரத்துக்குப் போகுது. கடிக்காம, வலிக்காம, நம்ம கைப்பிள்ளையத் தூக்குத மாதிரி. நான் வெட்ட வெட்ட அது குடி மாத்தி வைக்கு. இத எப்படிக்கா ஜெயிக்க?

சுகிர்தா சொன்னாவ, எறும்ப மரத்துல ஏறவிடாதே, பூச்சி தானா அழிஞ்சிரும்னு. அடிமரத்துல துணியச் சுத்தி, அதுமேல கிரீசத் தடவச் சொன்னாவ. மருந்து மட்டும் வைக்காதிய, வண்டும் செத்துப்போகும்னாவ. நானும் நூறு மரத்துக்குச் சுத்துனேன். ஆனா கொப்பு தரையில தொட்டுக்கிட்டுக் கிடக்குல்லா, அது வழியா ஏறிருது. புல்லு வழியா ஏறிருது. சுகிர்தா லீவு முடிஞ்சு போயிட்டாவ. பெரியவருக்குப் பொறுமை போயிட்டு. போன வாரம் ஒரு பாட்டில் மருந்து வாங்கிட்டு வந்து தந்தாரு. வடிவு, எறும்பு இனிப்புக்குத்தான வருது, நாம அத விட நல்ல இனிப்பா வைப்போம்னாரு. கருப்பட்டியக் காய்ச்சித் தண்ணியாக்கி, ஆற வச்சு, அதுல மருந்த ஊத்தி, சிரட்டையில விட்டு மரத்துக்கு மரம் தூருல வையின்னாரு.

இன்னைக்குக் காலையிலதான் வச்சேன். ஆமா, இன்னைக்குத்தான். இன்னைக்கேதான்.

அந்தச் சிஸ்டர் இங்கதான் பாக்காவளோ? இல்லையா? சரி.

மதினி பத்திக் கேட்டியல்லா. அந்தத் தோப்ப முதல்ல மதினிதான் பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு மூட்டுவலி வந்துட்டு, நின்னு வேலை செய்ய முடியல. பெரியவரு என்ன வரச் சொன்னாரு. நான் கேட்டுப் போகலக்கா, சத்தியமா. ஆனா அவ மனசு வெந்துட்டு. குழாயடியில வச்சு, தம்பி பொண்டாட்டி எம் பொழப்பப் பறிச்சிட்டான்னு பத்துப் பேருகிட்டச் சொன்னா. நான் பெரியவருகிட்ட அவளப் பத்திக் கோள் சொன்னேனாம். எனக்கு வந்துதே ஒரு ஆங்காரம். நேரா இசக்கியம்மன் கோயிலுக்குப் போனேன். செவ்வாக்கிழமை, கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டுத அன்னைக்கு, ஊருசனம் பூராவும் நிக்கு. தலைமுடிய அவுத்துப் போட்டுக்கிட்டு, மண்ண வாரித் தூத்துனேன். என்மேல பழி சொன்னவ எட்டு நாளைக்குள்ள படுக்கையில விழணும், விழலன்னா நீ தெய்வமில்லன்னு சொல்லிட்டேன். மதினி அங்கனதான் நின்னா. முந்தானைய வாயில பொத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா.

இன்னைக்கு ஏழாவது நாளுக்கா.

சொல்லுங்க, யாரு நம்புவா? நீங்களே நம்புவியளா? ஊரு பூராவும் என் வாயப் பாத்துச்சு. எனக்கே ஒரு நேரம் தோணுது, அம்மன்தான் எங்கையப் பிடிச்சு இத நடத்திட்டாளோன்னு. வேண்டுன வேண்டுதலத் திரும்ப எடுத்துக்கிடலாமாக்கா? அதுக்கு ஏதும் வழி உண்டுமா? உங்க பக்கம் பெரிய கோயிலெல்லாம் இருக்கே, ஐயருமாரு ஏதும் சொல்லுவாவளா?

காலையில என்ன நடந்துச்சுன்னா, நான் மருந்து கலக்கப் பாத்திரம் தேடுதேன். மோட்டார் ரூம்புல கிடந்த வாளி அடி ஓட்டை. வேற ஒண்ணும் இல்ல. நான் கஞ்சி கொண்டு போற தூக்குவாளி இருக்கு, அதுல கருப்பட்டித் தண்ணி இருக்கு, வீட்டுலருந்தே காய்ச்சிக் கொண்டு போனது. சரி, இந்த வாளி இன்னையோட போகட்டும், மண்ணுல புதைச்சிருவோம்னு நினைச்சு அதுலயே மருந்த ஊத்திட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. குடிக்குத பாத்திரத்துல ஊத்துனேன். கொள்ளுத மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டேன், மிச்சத்த மூடி, ஆடு நாயி தொட்டுரக்கூடாதுன்னு ஒசரமா மோட்டார் ரூம்பு ஆணியில தொங்கப்போட்டேன். கேட்டியளா, ஆடு நாயிக்குப் பயந்துதான் ஒசரமாத் தொங்கப்போட்டேன். மனுசருக்குன்னு நினைக்கவே இல்ல. அந்தத் தோப்புக்கு அந்த நேரம் யாரு வருவா?

கடைசி வரிசையில சிரட்டை வச்சுக்கிட்டு இருக்கேன். எறும்பு வந்துட்டு. வைக்க வைக்க வருது. ஒண்ணு குடிச்சிட்டுப் போயி இன்னொண்ணு வாயில குடுக்கு, அது போயி இன்னொண்ணுக்குக் குடுக்கு. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அப்பம் வடிவு, ஏட்டி வடிவுன்னு ஒரு சத்தம். மதினி சத்தம்.

எனக்குக் கொஞ்சம் சந்தோசமாவும் இருந்துச்சுக்கா. ஆறு நாளா மூஞ்சியப் பாக்கல. முழங்காலப் பிடிச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் வெயில்ல நடந்து வந்திருக்கா. நான் போறேன். அவ மோட்டார் ரூம்பு வாசல்ல உக்காந்திருக்கா. சண்டை போட வரல. சிரிக்கா. என்ன சொன்னா தெரியுமா? வெள்ளிக்கிழமை கொடை, உன் தம்பிப்பயலுவளையும் வரச் சொல்லு, நாம ரெண்டு பேரும் ஒரே அடுப்புல பொங்க வைப்போம்னா. அந்த அம்மனுக்கு முன்னால ஒரு குடும்பத்துக்காரிய தனித்தனியா நிக்கக்கூடாதுன்னா. நான் அழுதுட்டேன்.

இல்ல. அப்படி இல்லக்கா. நான் முறை மாத்திச் சொல்லுதேன். அழுதது பொறவு. அவ கையில வாளி இருந்துச்சு. மூடி தரையில கிடந்துச்சு.

ஏட்டி, உன் கருப்பட்டித் தண்ணிய எடுத்துக் குடிச்சிட்டேன், இனிமே உனக்கும் எனக்கும் சண்டை இல்லன்னு அவ சொன்னா. வாயத் தொடச்சுக்கிட்டே சொன்னா. எங்க ஊருல அப்படித்தான். மண்ணு தூத்துன வீட்டுல தண்ணி குடிச்சாப் பகை தீந்துட்டுன்னு கணக்கு. அதுக்குன்னே குடிச்சிருக்கா. தாகம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

அந்த இடத்துல நான் சத்தம் போட்டிருக்கணும். தொண்டையில வெரல விட்டு வாந்தி எடுக்க வச்சிருக்கணும். தூக்கிட்டு ஓடியிருக்கணும். அவ கேக்கா, என்னட்டி ஒரு மாதிரி கசக்கு, கருப்பட்டி காந்திட்டான்னு. நான் ஆமா மதினி, அடிப்பிடிச்சிட்டுன்னு சொன்னேன்.

அப்படித்தான் சொன்னேன். நீங்க என்ன அப்படிப் பாக்காதிய. ஏன் சொன்னேன்னு என்னக் கேட்டா எனக்குத் தெரியல. அந்த ஒரு நொடியில எனக்கு மண்ணு தூத்துனதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ஊரு பூராவும் என் முன்னால வந்து நின்னுட்டு. நாலு மடக்குத்தான, கொஞ்சம் மருந்துதான, ஒண்ணும் ஆகாதுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். பேசிக்கிட்டு இருந்தோம். அப்பந்தான் அழுதேன். அவ கண்ணத் தொடச்சுவிட்டா. அரை மணி நேரம் கூட ஆகல, அவளுக்கு வேர்த்துச்சு. வெயில்னு சொன்னா. பொறவு வாயில எச்சி ஊத்துது, நிக்காம ஊத்துது. பொறவு வாந்தி. பொறவு எல்லாம் போக ஆரம்பிச்சிட்டு, துணியெல்லாம் நனைஞ்சிட்டு.

பால் வண்டி ஒண்ணு ரோட்டுல வந்துச்சு, அத மறிச்சு அம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்கருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஆம்புலன்சுல ஏத்திவிட்டாவ. ரெண்டு மணிக்கு இங்க வந்தோம். இப்பம் மணி நாலா? நாலேகாலா? பெரியவருக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா மொதல் கேள்வியே, வடிவு, மருந்த எங்க வச்சன்னுதான் கேப்பாரு. அவரு எந்தப் பஸ்ஸுல வருவாரோ.

டாக்டரு கேட்டாருக்கா. நல்ல டாக்டரு, சின்ன வயசு. கண்ணுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, கண்ணுமணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கிருக்கே, மருந்து ஏதும் குடிச்சாவளா, வயல்ல மருந்து அடிச்சாவளான்னு என்னக் கேட்டாரு. இல்லன்னேன். திரும்பக் கேட்டாரு. பயப்படாம சொல்லும்மா, சொன்னாத்தான் அதுக்கு உண்டான ஊசி போட முடியும், எந்த மருந்துன்னு பேரு தெரிஞ்சா இன்னும் நல்லதுன்னாரு. இல்ல சார்னு தலைய மட்டும் ஆட்டுனேன்.

பொறவு அவரு மதினிகிட்டக் குனிஞ்சு கேட்டாரு. அம்மா, நீங்க சொல்லுங்க, என்ன சாப்பிட்டியன்னு. அவளுக்கு அப்பம் நினைவு இருந்துச்சு. அவ டாக்டரப் பாக்கல, என்னப் பாத்தா. நல்லாப் பாத்தா. எங்கை அவ கட்டில் கம்பிமேல இருந்துச்சு, அதுமேல அவ கைய வச்சா. வச்சுக்கிட்டுச் சொன்னா, நேத்து மிஞ்சுன மீன்கொழம்பத் தின்னுட்டேன் சார், அது கெட்டுப்போயிருக்கும்னு.

அக்கா, அவ கொடைக்கு நேந்துக்கிட்டு விரதம் இருக்கா. இருவது நாளா கவிச்சி தொடல. மீன் சட்டியவே கழுவிப் பரண்ல ஏத்திட்டா.

அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. வண்டியில வரும்போதே தெரிஞ்சிருக்கும். அவளும் தோப்பு வேலை பாத்தவதான, மருந்து வாடை அவளுக்குத் தெரியாதா. வாசல்ல கிண்ணம் கிடந்தத, சிரட்டை கிடந்தத அவ பாக்காமலா இருந்திருப்பா. மண்ணு தூத்துனவ வெசம் வச்சிட்டான்னு ஊரு என்னக் கிழிச்சிரும்னு அவளுக்குத் தெரியும். படுத்த கிடையில அதத்தான் யோசிச்சிருக்கா. தான் பொழைக்கதப் பத்தி யோசிக்கல. இந்தச் சண்டாளி அதக் கேட்டுக்கிட்டு வாயத் தொறக்காம நின்னேன். டாக்டரு எழுதிட்டுப் போயிட்டாரு. போறப்ப ஒரு தடவ திரும்பி என்னப் பாத்தாரு. அவரு நம்பல, ஆனா என்ன செய்வாரு, ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லுதோம்.

குளுகோசு ஏறுது. ஆனா மதினி கை வெட்டி வெட்டி இழுக்கு இப்பம். நெஞ்சுக்குள்ள கொர்ருன்னு சத்தம் கேக்கு. அதப் பாக்க முடியாமத்தான் நான் வெளியில வந்து உங்ககிட்ட உக்காந்தேன்.

பாட்டிலா? பாட்டில் எங்கிட்டத்தான் இருக்கு. இந்தப் பைக்குள்ள, சேலைக்கு அடியில. மதினி விழுந்ததும் நான் மொதல்ல செஞ்ச காரியம் அத எடுத்து மறைச்சதுதான். வாய்க்கால்ல எறியணும்னு நினைச்சேன், எறியல. ஒளிக்க எடுத்துட்டு வந்தேனா, குடுக்க எடுத்துட்டு வந்தேனான்னு எனக்கே தெரியல. பேரு ஒட்டியிருக்கு, இங்கிலீசுல இருக்கு, எனக்குப் படிக்கத் தெரியாது.

இந்தாங்க, பாருங்க. வேண்டாம், நீங்க தொடாதிய. உங்க கையில எதுக்கு.

அப்படியா சொல்லுதிய? இப்பம் சொன்னாலும் ஊசி கேக்குமா? ரெண்டு மணி நேரம் வீணாக்கிட்டேனே. போலீசு வந்தா வரட்டுமா? எங்க வீட்டுக்காரவிய வந்து எம்மூஞ்சியப் பாப்பாவளா, அதச் சொல்லுங்க. கூடப்பொறந்தவளாச்சே.

சரி. அவிய வர்றதுக்குள்ள போயிருதேன். அவிய வந்துட்டா எனக்குத் தைரியம் போயிரும். கையக் கொஞ்சம் பிடிங்கக்கா. வார்டு வாசல் வரைக்கும் கூட வாங்க, உள்ள வர வேண்டாம். அங்கன நின்னாப் போதும்.

சிஸ்டர். சிஸ்டர், கொஞ்சம் நில்லுங்க. பதினொண்ணாம் நம்பர் கட்டில், முப்பிடாதிக்கு நான்தான் கூட வந்தவ. அவ மீன் ஒண்ணும் திங்கல சிஸ்டர். டாக்டரக் கூப்பிடுங்க.